வேட்டும் தெள்ளும்

வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே விரல் பட்டதும் பூனையின் முதுகுத் தோல், குளத்துத் தண்ணீரில் காற்றடித்தாற்போல் நெளிந்து ஓடுகிறது. கண்மணி விரிகிறது. வால் சாட்டையாக அடிக்கிறது. தலையைச் சட்டென்று திருப்பித் தன் விலாவையே கடிக்கிறது. கை இன்னும் அங்கேயே இருந்தால் கையைக் கடிக்கிறது. பிறகு எதுவோ துரத்துவதுபோல் வீட்டுக்குள் ஓடி, கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து நக்கத் தொடங்குகிறது. பூனை வளர்க்கும் வீடுகளில் பலரும் பார்த்திருக்கக்கூடிய காட்சி இது. சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இதற்கு ஒரு விளக்கம் கையோடு இருக்கிறது: வேட்டுச் சத்தத்தில் மிரண்ட பூனை, அதனால்தான் தொட விடமாட்டேன் என்கிறது. நாட்டின் பட்டாசில் பெரும்பங்கைச் செய்து அனுப்பும் மண்ணில் அந்த விளக்கம் இயல்பாக வருவதுதான். ஆனால் அது முதலில் வந்துவிடுவதால் பூனைக்குக் கெடுதல் நேர்கிறது என்பது என் வாதம். தொட்டால் துடிக்கும் பூனை முதலில் தன் தோலைப் பற்றிச் சொல்கிறது. அதன் மனத்தைப் பற்றிய முடிவுக்கு, தோலைப் பார்த்து முடித்த பிறகே நாம் போக வேண்டும்.

முதுகில் ஓடும் அந்த நெளிவு ஒரு தசையின் வேலை. தோலுக்கு அடியில் விலாவையும் முதுகையும் போர்வைபோல் மூடியிருக்கும் மெல்லிய தசை அது. மாட்டின் மேல் ஈ உட்கார்ந்ததும் அந்த இடத்துத் தோல் மட்டும் சிலிர்த்து ஈயை விரட்டுவதைப் பார்த்திருப்போம். அதைச் செய்வதும் இதே தசைதான். பூச்சியை உதறுவதற்கு உடம்பு வைத்திருக்கும் கருவி வேலை செய்யும்போது, முதல் சந்தேகம் பூச்சியின் மேல் விழுவதே முறை. இந்தத் துடிப்பு, வாலைத் துரத்துதல், திடீர் ஓட்டம், தன்னையே கடித்தல் ஆகியவை சேர்ந்து வருவதை 1980இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் டட்டில் என்பவர் மிகைத் தொடுவுணர்வு என்று பொருள்படும் பெயரில் விவரித்தார். அந்தப் பெயர் இன்றும் புழங்குகிறது. ஆனால் அது காரணத்தைச் சொல்லும் பெயரன்று. தோல், முதுகெலும்பு, நரம்பு, வலிப்பு என ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து, எதுவும் பிடிபடாதபோது மட்டும் மருத்துவர் எழுதுகிற பெயர். வீட்டில் நாம் சொல்லும் ‘மிரண்ட பூனை’யும் அந்த வகைப் பெயர்தான். விலக்கிப் பார்க்கும் உழைப்பு மட்டும் அதற்குப் பின்னால் இல்லை.

பயத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. மனிதக் காது ஏறத்தாழ 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பூனையின் காது 85 ஆயிரம் வரை கேட்கும். நமக்கு எட்டாத எலிக்குஞ்சின் கீச்சொலியையும் பிடிக்கிற காது அது. வெடித்த இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபல் வரை போகலாம் என்பது பட்டாசுக்கு நம் சட்டம் வைத்திருக்கும் வரம்பு. உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டு உத்தரவுக்குப் பின் தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் என்று வேளை குறித்தார்கள். பூனைக்கு அந்த இரண்டு மணி நேரமே அதிகம். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியிலும் கொள்ளுக்குடிப்பட்டியிலும் கண்மாய்க்கு வந்து கூடு கட்டும் பறவைகளுக்காக ஊரே பல ஆண்டுகளாக வேட்டுப் போடாமல் இருக்கிறது. அப்படி ஓர் உயிரின் பயத்தை மதிப்பது பெரிய காரியம். ஆனால் பயத்துக்கென்று சில அடையாளங்கள் உண்டு. பூனை ஒளியும், சோறு தொடாது, மூலையில் சிறுநீர் கழிக்கும். பெரும்பாலும் சில நாட்களில் அது தணியும். பயம் வால் அடியில் மட்டும் குடியிருப்பதில்லை. ஒரே இடத்தைத் தொட்டால் மட்டும் துள்ளுகிற பூனையிடம் பயத்தைத் தேடுவது, பல்வலிக்காரனிடம் குடும்பக் கவலையை விசாரிப்பது போன்றது.

நாம் ஏமாறுவதற்குக் காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. விருதுநகர் வறண்ட மாவட்டம். 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அந்தத் தொழிலை ஊன்ற முடிந்ததற்கு, குச்சியும் மருந்தும் நன்றாகக் காயும் இந்த வெயிலும் ஒரு காரணம். அதே வெயில்தான் தெள்ளுப்பூச்சிக்கும் எதிரி. தெள்ளின் முட்டை பூனையின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. உதிர்ந்து, பூனை படுக்கும் சாக்கிலும் தரை வெடிப்பிலும் கிடந்து அங்கேயே பொரிக்கிறது. வெளிவரும் புழு, காற்றின் ஈரம் பாதிக்கும் கீழே போனால் காய்ந்து செத்துவிடும். சித்திரை வைகாசியில் அது பிழைப்பது கடினம். மாவட்டத்தின் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி தொடங்கித்தான் வருகிறது. ஈரம் வந்ததும் புழு பிழைக்கிறது, கூட்டுப்புழுவாகிறது, தெள்ளாகிப் பூனை மேல் தாவுகிறது. தீபாவளியும் ஐப்பசியில்தான். வேட்டுச் சத்தமும் தெள்ளும் ஒரே மாதத்தில் வீட்டுக்குள் நுழைகின்றன. சத்தம் எல்லோர் காதிலும் விழுகிறது; தெள்ளு எவர் கண்ணிலும் படுவதில்லை. பழி யார்மேல் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டையும் பிரித்துக்காட்ட ஒரு சோதனை உண்டு. அதற்கு வேண்டிய பொருள் சிவகாசியில் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. அச்சகத்தில் ஓரம் வெட்டித் தள்ளும் வெள்ளைத் தாள் ஒரு துண்டு போதும். பளபளப்பான ஆர்ட் தாள் ஈரம் குடிக்காது, பூச்சில்லாத மேப்லித்தோ தாள் ஏற்றது. தாளைத் தண்ணீரில் நனைத்துத் தரையில் விரித்து, பூனையை அதன்மேல் நிறுத்தி, பேன்சீப்பால் முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து வால் அடிவரை மெதுவாக வார வேண்டும். கறுப்புத் துகள்கள் உதிரும். ஆலை வேலைக்குப் போய்வரும் வீட்டில் கறுப்புத் துகளைக் கண்டால், துணியில் ஒட்டி வந்த கருமருந்து என்றோ வெறும் புழுதி என்றோ தோன்றலாம். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். கருமருந்தில் உள்ள வெடியுப்பு தண்ணீரில் கரைந்துபோகும். கரி கரையாது, தாளில் கறுப்பாகவே இழுபடும். புழுதி மண் நிறத்தில் சேறாகும். தெள்ளின் எச்சமாக இருந்தால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் செம்பழுப்பாக ஒரு வட்டம் ஊறிப் படரும். அது ரத்தம், தெள்ளு குடித்துச் செரித்து வெளியேற்றிய, அந்தப் பூனையின் ரத்தம். அந்தச் செந்நிறத்தைப் பார்த்த பிறகு பூனை ஏன் தொட விடவில்லை என்பதற்கு வேறு கதை தேட வேண்டியதில்லை.

‘சல்லடை போட்டுப் பார்த்தும் ஒரு தெள்ளுகூட இல்லையே’ என்பார்கள். நியாயமான மறுப்புதான், அதற்கான விடை பூனையின் நாக்கில் இருக்கிறது. அந்த நாக்கின் முட்கள் நுனியில் குழிந்த சிறு கரண்டிகள் போன்றவை. எச்சிலை அள்ளி முடியின் அடிவரை கொண்டுசேர்ப்பவை. தூக்கமும் ஓய்வும் போக மீதியுள்ள நேரத்தில் ஏறத்தாழ 8 விழுக்காட்டைப் பூனை இந்த வேலைக்குச் செலவிடுகிறது என்று 2000இல் எக்ஸ்டைன், ஹார்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. தெள்ளு நிறைந்த வீட்டில் சில பூனைகளுக்கு நக்க முடியாதபடி கழுத்தில் அகலப் பட்டை மாட்டினார்கள். மூன்று வாரத்தில் அவற்றின் மேல் மற்றப் பூனைகளைவிட இரு மடங்கு தெள்ளு சேர்ந்திருந்தது. அதாவது பூனை தன் நோயின் சாட்சியைத் தானே விழுங்கிவிடுகிறது. ஒவ்வாமை உள்ள பூனைக்கோ நிறையத் தெள்ளு தேவையே இல்லை. தெள்ளின் எச்சில்தான் நஞ்சு, சில கடிகளே போதும். அப்போது கண்ணைவிட விரல்தான் நம்பத் தகுந்தது. கழுத்திலும் முதுகிலும் முடிக்கடியில் விரலை ஓட்டினால் சிறு சிறு பொருக்குகள் தட்டுப்படும், குதிரைவாலி அரிசியைத் துணிக்கடியில் வைத்துத் தடவியதுபோல. மருத்துவ நூல்கள் இந்தத் தோலழற்சிக்கு வைத்திருக்கும் லத்தீன் பெயரும் தினையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததே. சிறுதானியம் விளையும் மாவட்டத்தில் இந்த அடையாளத்தை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

நாக்கு செய்யும் இன்னொரு மறைப்பும் உண்டு. வயிறும் தொடையின் உட்புறமும் மொட்டையாகும்போது முடி கொட்டுகிறது என்கிறோம். பலமுறை அது கொட்டுவதில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் பூனை நக்கியே அறுத்துவிடுகிறது. எதிர்ப்பக்கமாகத் தடவினால், மழித்த தாடைபோல் முறிந்த முடியின் நுனி விரலில் குத்தும். இப்படி நக்கி மொட்டையாக்கிக்கொண்ட, மனக்கோளாறு என்று முன்கூட்டியே கருதப்பட்ட 21 பூனைகளை வட அமெரிக்க மருத்துவர்கள் முழுமையாகச் சோதித்து, முடிவை 2006இல் வெளியிட்டார்கள். 16 பூனைகளுக்கு உடல் நோயே காரணம். 3 பூனைகளுக்கு உடல் நோயும் மனக் காரணமும் சேர்ந்திருந்தன. மனக் காரணம் மட்டும் என்று நின்றவை 2. உணவு ஒவ்வாமை மட்டும் 12 பூனைகளில் உறுதியானது. தெள்ளு இல்லாவிட்டால் அடுத்த சந்தேகம் தட்டின் மேல் விழ வேண்டும் என்பதற்கு அதுவே சான்று. 21 என்பது சின்ன எண். அங்குள்ள வீடு வேறு, தீனி வேறு, அங்கே ஆண்டெல்லாம் வெடி வெடிப்பதும் இல்லை என்று மறுக்கலாம். எண்ணைப் பற்றிய மறுப்பை ஏற்கிறேன். ஆனால் இடத்தைப் பற்றிய மறுப்பு என் வாதத்தை அசைக்கவில்லை. பூச்சிக்கு எதிரான ஏற்பாடுகள் நிறைந்த நாட்டிலேயே மனத்தின் மேல் சுமத்திய பழி பெரும்பாலும் பொய்யானது என்றால், பூனை தெருவுக்கும் திண்ணைக்கும் கிட்டங்கிக்கும் சுதந்திரமாகப் போய்வரும் ஊரில், எந்த அடிப்படையில் நாம் அதே பழியை இன்னும் உறுதியாகச் சுமத்துவது?

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்றுண்டு. நோயே இல்லாத பூனைக்கும் வால் அடியில் தொட்டால் பிடிக்காது. 2015இல் இங்கிலாந்தில் எல்லிஸும் உடன் பணிபுரிந்தவர்களும் பூனையின் உடம்பில் எட்டு இடங்களைத் தடவிப் பார்த்தபோது, வால் அடியில்தான் எதிர்ப்பு அதிகம் வந்தது. அப்படியானால் துடிப்பை நோய் என்று எப்படிச் சொல்வது? தனித்த ஒரு துடிப்பை வைத்துச் சொல்லக் கூடாது என்பதே பதில். நேற்றுவரை மடியில் கிடந்து முதுகைக் கொடுத்த பூனை இன்று கொடுக்காவிட்டால் அந்த மாற்றம்தான் செய்தி. யாரும் தொடாமலே தோல் நெளிந்தால், தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்து தன்னைக் கடித்தால், துடிக்கும் இடத்தில் பொருக்கோ முறிந்த முடியோ இருந்தால் சுபாவம் என்ற பேச்சுக்கு இடமில்லை. வயதான பூனையானால் மூட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்த 2002ஆம் ஆண்டு ஆய்வில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. இடுப்பு வலிக்கிற பூனை கடிப்பதைக் கோபம் என்று சொல்லிவிட்டால் அந்த வலியை யாரும் பார்க்கப் போவதில்லை.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. காது விளிம்பில் தொடங்கி முகத்துக்குப் பரவும் தடித்த பொருக்கு, சொறிப் பூச்சியின் வேலையாக இருக்கும். அது கூட இருக்கும் பூனைகளுக்கு ஒட்டும். வெள்ளைப் பூனையின் காது நுனியில் மட்டும் சிவந்து, ஆறாமல் திரும்பத் திரும்பப் பொருக்குத் தட்டினால் அது வெயிலின் வேலையாக இருக்கலாம், நாளடைவில் தோல் புற்றாகவும் மாறலாம். இந்த மாவட்டத்து வெயிலில் வெள்ளைப் பூனை வளர்ப்பவர்கள் அதைச் சொறி என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டே இருக்கக் கூடாது.

பயம் என்ற விளக்கம் பூனையை மருந்தில்லாமல் விடுகிறது என்றால், தோல் என்று புரிந்துகொண்ட வீட்டிலும் ஆபத்து நீங்குவதில்லை. மண்ணெண்ணெய், டெட்டால், நாய்க்கு வாங்கிவைத்த உண்ணிப் பவுடர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பூனையின் கல்லீரல் பல நஞ்சுகளை முறித்து வெளியேற்றும் ஒரு நொதியை இழந்துவிட்டது. அதைச் செய்ய வேண்டிய மரபணு பூனைக் குடும்பத்தில் செயலற்றுக் கிடக்கிறது. நாய் தாங்கிக்கொள்கிற பெர்மெத்ரின் பூனைக்கு நடுக்கமும் வலிப்புமாகி உயிரை எடுக்கும். டெட்டாலில் உள்ள ஃபீனால் வகையும் அப்படியே. சிவகாசியில் கூடுதலாக ஒன்று இருக்கிறது: கந்தகம். சொறிக்குக் கந்தகம் என்பது சித்த மருத்துவம் நெடுங்காலமாக அறிந்தது. சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சிய கந்தகக் கரைசல், படர்தாமரைக்கும் சொறிக்கும் பூனைமேல் ஊற்றக்கூடிய மருந்தாக இன்றைய கால்நடை மருத்துவத்திலும் மதிக்கப்படுகிறது. ஆனால் அது அளவோடு நீர்த்த கரைசல். உடம்பு காயும்வரை பூனையை நக்கவிடக் கூடாது. மூட்டையில் வரும் ஆலைக் கந்தகத்தை எண்ணெயில் குழைத்துப் பூசுவது அந்த மருந்தாகாது. ஆலைப் பொருள் வீட்டுக்கு வருவதே ஆபத்து. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் உரசலே போதும் என்பது மருந்து வேலை தெரிந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூனையைப் பொறுத்தவரை தோலில் படுவதெல்லாம் வயிற்றுக்குள் போகிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. சட்டையில் ஒட்டிய அலுமினியப் பொடியானாலும், உச்ச நீதிமன்றம் பட்டாசில் தடை செய்த பேரியம் உப்பானாலும், மடியில் வந்து படுக்கும் பூனையின் முடியில் ஏறினால் அன்றிரவே நாக்குக்குப் போய்விடும். வேலை முடிந்து வந்து, குளித்து உடை மாற்றிய பிறகு பூனையைத் தூக்குவது இருவருக்கும் நல்லது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பை மனிதர்களின் பெயரால்தான் சொல்வார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகிச் செத்த மண் இது. தீக்காயத்தோடு வருபவர்களை ஆண்டுதோறும் ஏற்றுக்கொள்ளும் அரசு மருத்துவமனை இருக்கும் ஊரில், பூனைத் தோலைப் பற்றிப் பேசுவது மனிதரை மறந்த பேச்சாகாதா? இந்தக் கேள்வியைத் தட்டிவிட்டுப் போக என்னால் முடியாது. ஆனால் மருந்தும் பசையும் தாளும் பட்டு விரல்தோல் வெடித்த பெண்ணிடம் ‘இந்த வேலை என்றால் அப்படித்தான்’ என்று சொல்லி அனுப்பும் பழக்கமும், துடிக்கும் பூனையைப் பார்த்து ‘வெடிக்கிற ஊர் என்றால் அப்படித்தான்’ என்று சொல்லும் பழக்கமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இரண்டிலும் ஊரின் பெயரைச் சொல்லி உடம்பைப் பார்க்காமல் விடுகிறோம். அந்தப் பழக்கம் ஓரிடத்தில் தளர்ந்தால் இன்னோரிடத்திலும் தளரும் என்று நம்புகிறேன். இதில் மனிதருக்கு நேரடி லாபமும் உண்டு. பூனையின் படர்தாமரை அதைக் கட்டிக்கொண்டு தூங்கும் குழந்தைக்கு வரும். பூனையைத் தின்னும் தெள்ளு வீட்டாரின் கணுக்காலையும் கடிக்கும்.

அரசுக் கால்நடை மருந்தகங்கள் மாடும் ஆடும் பார்ப்பதற்கே நேரம் போதாமல் நடக்கின்றன, உண்மைதான். ஆனால் பூனைக்கென்று தயாராகும் தெள்ளு மருந்து, மருத்துவர் எடை பார்த்து எழுதித் தந்தால் வீட்டில் விடக்கூடிய சில சொட்டுகள்தான். அதைப் பிடரியில் விடச் சொல்கிறார்கள். பூனையின் நாக்கு எட்டாத இடம் அது. வீட்டில் உள்ள எல்லாப் பூனைகளுக்கும், நாய் இருந்தால் நாய்க்கு அதற்குரிய மருந்தையும் அதே நாளில் விட வேண்டும். படுக்கும் சாக்கைச் சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும். தரை வெடிப்பைப் பெருக்கி எடுத்ததை வெளியே கொட்டிவிட வேண்டும். வரும் ஐப்பசியில் உங்கள் பூனை தொட விடாமல் துள்ளினால், வேட்டைத் திட்டுவதற்கு முன் ஒரு தாளை நனைத்து வாரிப் பாருங்கள். செம்பழுப்பு ஊறினால் மறுநாளே மருந்தகத்துக்குப் போங்கள். முதல் சொட்டிலேயே துடிப்பு குறைந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் உள்ள தெள்ளுக் கூட்டத்தில் பூனை மேல் இருப்பது இருபதில் ஒரு பங்குதான். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையில் கிடக்கிறது, கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருக்கும். ஐப்பசியில் தொடங்கும் மருத்துவத்தை மாதம் தவறாமல் தை முடியும்வரை தொடர வேண்டும்.